பூசம் வரை கத்தி படாமல்

எனக்கு இப்போது எழுபத்தேழு வயது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது மூன்று. பெறாமல் வளர்த்தது எத்தனை என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. ஜொகூர் பாருவில் மிஷன் பெண்பிள்ளைகள் போர்டிங்கில் பதினான்கு வருஷம் ஆயாவாக இருந்தேன். தலை வாரிவிட்டு, கஞ்சி ஊற்றி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து என் கையால் வளர்த்த பிள்ளைகள் நூற்றுக்கு மேல் இருப்பார்கள். ஒருத்தியைக்கூட நான் சாகக் கொடுக்கவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதை வேறு எதற்குச் சொல்வது?

என் படிப்பு மூன்றாம் புத்தகத்தோடு நின்றது. எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

நான் சொல்லப்போவது, சிங்கப்பூருக்குப் பாலம் போட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். போர்டிங் ஒரு மேட்டின் மேல் இருந்தது. பின்பக்கம் நின்றால் கடலும் பாலமும் அதன் மேல் ஊர்ந்து போகிற ரயிலும் தெரியும். பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. நீளமாக ஒரே கூடம். அதில் இருபத்திரண்டு பாய், இருபத்திரண்டு தகரப் பெட்டி. எல்லாம் தோட்டங்களிலிருந்தும் ரயில் லைன் வீடுகளிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகள். பாதிப் பேர் என்னைப் போல வேதக்காரர்கள், மீதிப் பேர் முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள்.

போர்டிங்கை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஊழியத்துக்கு வந்தவர். எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். மதராஸ் பக்கம் பல வருஷம் இருந்து தமிழ் படித்தவர். அவர் பேசினால் வேதப் புத்தகம் பேசுவது போலிருக்கும். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "ஆயா, இதில் உப்புப் போதுமானதாக இல்லை என்று நான் எண்ணுகிறேன்" என்பார்.

விடியும்போது பலாமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்துப் பிள்ளைகளை எழுப்புவேன். கிணற்றடியில் குளியல், பிறகு தலைவாரல், ஜெபம், கஞ்சியும் நெத்திலிச் சம்பலும், பள்ளிக்கூடம். புதிதாக வந்த பிள்ளைகள் முதல் வாரம் அழும். நான் சமாதானம் சொல்ல மாட்டேன். முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கக் கொடுப்பேன். கண்ணீர் நின்றால்தானே கல் தெரியும்? அரை முறம் முடிவதற்குள் அழுகை தானாக நின்றுவிடும். அந்த வாரங்களில் எங்கள் சோற்றில் கல் இருக்காது.

தலைவாரலுக்கு நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். ஆளுக்கொரு சீப்பு இருந்தால் தொலைத்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி பிறாண்டுவார்கள். அதனால் பெரிய சீப்பு ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டிக் கிணற்றடித் தூணில் தொங்கவிட்டேன். வரிசையாக வந்து சீவிக்கொண்டு போக வேண்டியதுதான். சண்டை ஒழிந்தது. பார்க்க வருகிற துரைசாணிகளிடம் மிஸ்ஸியம்மா அந்தச் சீப்பைக் காட்டி என் புத்தியை மெச்சுவார். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வேன்.

இப்போது அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் பால் வெட்டுகிறவள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. பிள்ளை நன்றாகப் படிக்கிறதே என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மிஸ்ஸியம்மாவுக்குக் கடிதம் எழுதிச் சேர்த்துவிட்டார். கொண்டுவந்து விட்ட அன்று தாய் என்னைப் பலாமரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"ஆயா, இவ தலையில கத்தி, கத்திரி எதுவும் படக்கூடாதுங்க. நுனிகூட வெட்டிடாதீங்க."

"ஏன், வேண்டுதலா?"

"ஆமாங்க. ரெண்டு மாசம் காய்ச்சல்ல கெடந்தா. அதே காய்ச்சல்லதான் இவ அப்பா போனாரு. இவளயாச்சும் விட்டுடு முருகா, மூணாவது தைப்பூசத்துக்கு இவ முடிய முழுசா கொண்டாந்து உனக்குக் குடுத்துடறேன்னு நேந்துக்கிட்டேன். ஒரு பூசம் போயிருச்சு. நீங்க வேதக்காரவங்க, உங்ககிட்ட சொல்றது தப்புன்னா மன்னிச்சுக்கங்க. மிஸ்ஸியம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். புள்ளைய வேணாம்னுட்டா எங்க போவேன்?"

"தலை சீவி விடறதுக்கு வேதம் என்னாத்துக்கு? போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கை ஒன்றரை வருஷம் கஷ்டமில்லாமல் காப்பாற்றினேன். பிள்ளைக்குப் பத்து வயது ஆனது, முடி இடுப்பைத் தாண்டியது. அடர்த்தி என்றால் அப்படி ஓர் அடர்த்தி. ஈரத்தோடு பின்னினால் மறுநாளும் உள்ளே ஈரம் இருக்கும்.

மூன்றாவது பூசத்துக்கு நான்கு வாரம் இருந்தது. பெரிய லீவு முடிந்து பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து டிரசர் வந்தார். டாக்டருக்கு அடுத்தபடி அவர்தான். நம் ஆள், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வைத்து, பென்சிலால் முடியை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது தலையில் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"என்னம்மா ஆயா, நீ புள்ளங்கள வளக்கிறியா, பேன் வளக்கிறியா?"

பக்கத்தில் மிஸ்ஸியம்மா நிற்கிறார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"லீவுக்குப் போன எடத்துல ஏத்திக்கிட்டு வந்திருக்குதுங்க சார்."

"எங்க ஏத்துனா என்னா? இப்ப எல்லாத் தலையிலயும் இருக்கு. மொட்டை அடிச்சிருங்க மிஸ்ஸி, வேற வழியில்ல. திங்கக்கெழமை பார்பரை அனுப்பி வைக்கிறேன்."

அவர் சைக்கிள் மேட்டை விட்டு இறங்குவதற்குள் கூடத்தில் ஒப்பாரி எழும்பிவிட்டது. இருபத்தொரு பிள்ளைகள் அழுதார்கள். ஒருத்தி மட்டும் அழவில்லை. சாப்பாட்டுக்குத் தண்டவாளத்தை அடித்தும் அவள் வராததால் தேடிக்கொண்டு போனேன். விறகுக் கொட்டகைக்குப் பின்னால், துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆயா, முடிய வெட்டிட்டா சாமி என்னைய எடுத்துக்குமா?"

"யாரு சொன்னா அப்படி?"

"சாமி முடி கேட்டுச்சு, உசுரக் குடுத்துச்சு. முடிய பார்பர் எடுத்துக்கிட்டுப் போயிட்டா சாமி உசுரத் திருப்பிக் கேக்கும்ல?"

கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? அவள் நம்பப் போவதில்லை. தகப்பனைக் கொண்டுபோன காய்ச்சலை அவள் கண்ணால் பார்த்தவள்.

"எந்திரி, சோறு ஆறுது. திங்கக்கெழமை பார்பர் வர்றப்ப நான் இருக்கேன்ல?" என்றேன். இருந்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அன்றும் மறுநாளும் அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மிஸ்ஸியம்மாவின் ஆபீஸ் அறைக்குப் போனேன். மேஜையில் பெரிய நோட்டைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸியம்மா, மொட்டை வேணாம். பதினஞ்சு நாள் குடுங்க. ஒரு பேன் இல்லாம பண்ணிக் காட்டறேன்."

"ஆயா, சுத்தமே முதல் காரியம். முடி மறுபடியும் வளரும்."

"பொட்டப் புள்ளங்க மிஸ்ஸியம்மா. பெத்தவங்க வந்து பாத்தா பெட்டியத் தூக்கிக்கிட்டு புள்ளயக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"நான் அவர்களுக்குக் கடிதம் எழுதி விளக்குவேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் தலையாக அதை வழித்துவிடுவாரோ என்று பயம். தாய்க்குக் கொடுத்த வாக்கு வேறு.

அப்போது மிஸ்ஸியம்மா பென்சிலைத் தன் கொண்டைக்குள் விட்டுச் சொறிந்தார். எழுதினார். மறுபடியும் சொறிந்தார். சாயங்காலம் கதை சொல்லும்போது சின்னப் பிள்ளைகள் இரண்டை மடியில் சாய்த்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"மிஸ்ஸியம்மா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் குனிஞ்சு குடுங்க."

அவர் முடி காய்ந்த லாலாங் புல்லின் நிறம். அந்த நிறத்தில் பேன் எங்கே போய் ஒளிய முடியும்? பிடித்து அந்த நோட்டின் வெள்ளைப் பக்கத்தில் வைத்தேன். அது அவர் எழுதியிருந்த வரியின் மேலேயே நடந்து போனது. மிஸ்ஸியம்மாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"இது... என்னுடையதா?"

"உங்க தலையிலேருந்துதான் எடுத்தேன்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "திங்கக்கெழமை பார்பர்கிட்ட இருபத்து மூணு தலைன்னு சொல்லிடவா மிஸ்ஸியம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"பதினைந்து நாட்கள், ஆயா. அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. டிரசருக்கு நான் சீட்டு அனுப்புகிறேன்."

ஓடிப்போய் அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் சொன்னேன். அவள் துண்டை அவிழ்க்காமலே, "பதினஞ்சு நாள்ல போயிருமா ஆயா?" என்றாள்.

"போகாம? நீ சோத்தத் தின்னு. நான் பேனத் தின்னுடறேன்."

அன்றைக்குத்தான் நான்கு வாய் சாப்பிட்டாள்.

வேலை தொடங்கியது. பாய் தலையணை எல்லாம் வெயிலுக்குப் போயின. துணிகளை அண்டாவில் போட்டுக் காய்ச்சினேன். தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துக் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டு, தலை தலையாகத் தடவி, வேப்பிலை வெந்நீரில் அலசினேன். சீனன் கடையில் மூங்கிலில் செய்த பேன் சீப்பு கிடைக்கும். அதன் பல்லுக்கு நடுவில் நூல்கூட நுழையாது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக உட்கார வைத்தேன். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளுக்குப் பார்க்க வேண்டும். கடைசியில் நான். பார்க்க ரயில்வண்டி மாதிரியே இருக்கும். எடுத்த பேனை வெள்ளைத் துணியில் போட்டு எனக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மிஸ்ஸியம்மாவே வந்து நின்றார். முதல் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் அறையில்தான் அவருக்குப் பேன் பார்த்தேன். பாலோ ரயில் லைனிலிருந்து வந்த ஒரு வாயாடிப் பெண் இருந்தாள். அவள்தான் இடம் விட்டாள்.

"மிஸ்ஸியம்மா, முன்னாடி வந்து உக்காருங்க. நீங்கதான் இஞ்சின்."

"அப்படியானால் நான் புகைவிட வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் சுத்தமாக இருக்கிற தலை மறுநாள் சாயங்காலம் பழையபடி ஆகிவிடும். நான்கு நாள், ஐந்து நாள் போயும் கணக்குக் குறையவில்லை. கற்பூரத்தைக் கூட்டினேன். பிள்ளைகளுக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம். ஆறாம் நாள் காலையில் கிணற்றடியிலிருந்து அந்தப் பாலோக்காரியின் கூச்சல்.

"அலமாக், ஆயா! சீப்பப் பாருங்க! குடும்பத்தோட குடியிருக்குது லா!"

போய்ப் பார்த்தேன். கயிற்றில் தொங்குகிற என் சீப்பு. அதன் பல் இடுக்கில் இரண்டு ஊர்ந்தன. தினமும் காலையில் இருபத்திரண்டு தலைக்கும் நானே வரிசை வைத்துப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். லீவுக்குப் போய்வந்த ஒன்றிரண்டு தலையில் இருந்ததை எல்லாத் தலைக்கும் ஏற்றிவிட்டது என் புத்திசாலித்தனம்தான். கயிற்றை அறுத்துச் சீப்பை அடுப்பில் போட்டேன். "பல் ஒடஞ்சு போச்சு" என்று மிஸ்ஸியம்மாவிடம் பொய் சொன்னேன். இன்றுவரை யாரிடமும் இதை நான் ஒப்புக்கொண்டதில்லை. எழுதிவிட்டேன், பாரம் இறங்கியது.

என் வீட்டுக்காரர் மிஷன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து உட்கார வைத்து மூங்கிலில் ஆளுக்கொரு சீப்புச் சீவச் சொன்னேன். "ஒரு சீப்பு பத்தாதாடி?" என்றார். "கேக்காம செய்யுங்க" என்றேன். பல் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஆனாலும் சீவ வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைச் சுற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கணக்கு மளமளவென்று இறங்கியது.

அந்தப் பிள்ளையின் தலையை மட்டும் வேறு கைக்கு விடவில்லை. தினமும் மத்தியானம் மற்றவர்கள் பாடம் எழுதும் நேரத்தில், வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, முடியைப் பதினாறு பாகமாகப் பிரித்துப் பார்ப்பேன்.

"இன்னைக்கு எத்தனை ஆயா?"

"பதினொண்ணு."

"நேத்து?"

"பதினேழு."

மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் இரண்டு. பேன் போனாலும் ஈர் இருக்குமே. ஈர் ஒன்று தங்கினாலும் டிரசர் விடமாட்டார். விரல் நகத்தால் ஒவ்வொன்றாக உருவினேன். கழுத்து வலியில் எனக்கு ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது.

டிரசர் வந்தார். கெடு முடிந்த அன்றே பார்பரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், படுபாவி. பார்பர் பலாமரத்தடியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒரு தலை, இரண்டு தலை. டிரசர் ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். பத்துத் தலை தாண்டியதும் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். கடைசியில் அந்தப் பிள்ளை. பின்னலை அவிழ்க்கச் சொன்னார். முடி தரையில் புரண்டது. பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் பார்த்தார். திடீரென்று காதுக்குப் பின்னால் எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக ஏதோ ஒன்று. பார்பர்கூடத் தீட்டுவதை நிறுத்திவிட்டார்.

டிரசர் அதை நசுக்கினார். மோந்து பார்த்தார்.

"கற்பூரம்! என்னம்மா ஆயா, இது புள்ள தலையா, முருகன் கோயிலா?"

நேர்த்தி வெளியே தெரிந்துவிட்டதோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் தன் தமாஷுக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சுத்தம். பார்பர், நீ கெளம்பு."

இருபத்தொரு பேர் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. மிஸ்ஸியம்மாவின் தலையைப் பார்க்க வேண்டும் என்று டிரசருக்குத் தோன்றவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் சத்தம் போடாமல் என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். முதுகு குலுங்கியது. பதினைந்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூசத்துக்கு முந்தின நாள் தாய் ரயிலில் வந்தாள். வீட்டில் விசேஷம் என்று லீவு கேட்டுக் கூட்டிப் போனாள். போகும்முன் பிள்ளையின் முடியைக் கையில் ஏந்திப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

நான்காம் நாள் காலை, மிஸ்ஸியம்மா தாழ்வாரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இருவரும் மேடு ஏறி வந்தார்கள். தாய்க்குப் பின்னால் பிள்ளை. தலை வழவழவென்று மொட்டை, உச்சி நிறையச் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு.

மிஸ்ஸியம்மா கோப்பையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"ஆயா! ஆயா, இங்கே வாருங்கள்! இதற்காகவா நாம் பதினைந்து நாள் பாடுபட்டோம்?"

தாய் நடுங்கிப்போனாள். இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், தகப்பன், நேர்த்தி, விறகுக் கொட்டகையில் பிள்ளை கேட்ட கேள்வி, எல்லாம்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க மிஸ்ஸியம்மா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"எனக்குத் தெரியவில்லை, ஆயா. உண்மையாகவே தெரியவில்லை."

பிறகு பிள்ளையை அருகே கூப்பிட்டு மொட்டைத் தலையில் கை வைத்தார். சந்தனம் விரலில் ஒட்டியது.

"இதில் ஒரு பேனும் குடியிருக்க முடியாது," என்றார். "உள்ளே போ. பாடம் ஆரம்பித்துவிட்டது."

தாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்த பிறகுதான் எழுந்தாள். வாழையிலையில் பொட்டலம் கட்டிய பஞ்சாமிர்தத்தை என் கையில் வைத்தாள். வேதக்காரி சாப்பிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, நின்ற இடத்திலேயே தின்று கையை நக்கினேன். நன்றாக இருந்தது. அன்று மத்தியானம் அந்தப் பிள்ளை மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். கூடத்தில் இருந்த இருபத்தொரு பின்னலும் அந்த ஒரு மொட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தன. ஏழாம் வகுப்பு முடிக்கிற வரை அவள் எங்களோடுதான் இருந்தாள்.

அவ்வளவுதான். இன்றைக்குக் கை வலிக்கிறது.

அம்மாடி பேத்தி, அந்த ரேடியோவை நிறுத்திவிட்டு இங்கே வா. இதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, எழுத்துக் கூட்டிப் படி. பிள்ளை மொட்டைத் தலையோடு மேடு ஏறி வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்து. நான் சிரித்து முடித்த பிறகு மேலே படிக்கலாம்.